இடத்தைப் பார்த்து வராதேங்கோ, நாளைப் பார்த்து வாங்கோ

யாழ்ப்பாணம் பார்க்க வாற ஆக்களுக்கு இப்ப வழிகாட்டிக்குக் குறைவே இல்லை. யூரியூப்பில தட்டினால் "யாழில் பார்க்கவேண்டிய பத்து இடங்கள்" என்று வரிசையாக வரும். கோட்டை, நூலகம், நல்லூர், நிலாவரை, கீரிமலை, கசூரினா கடற்கரை, பருத்தித்துறை முனை, கடைசியாக ஒரு ஐஸ்கிறீம் கடை. காலமை எட்டு மணிக்கு வானில ஏறினால் இருட்ட முதல் எல்லாம் முடிச்சிடலாம். படமும் கனக்க எடுக்கலாம்.

எங்கள் கலைப்பீடத்துக் கூட்டத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி ஹட்டன், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருவன் முல்லைத்தீவு. முதலாம் வருசத்திலேயே ஹட்டன்காரி ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரோடு இந்த வான் சுற்றை முடித்துவிட்டாள். எப்பிடி இருந்தது எண்டு கேட்டோம். "எல்லாமே சின்னச் சின்னதா இருக்குப்பா. நிலாவரைன்னு பெருசா சொன்னாங்க. போய்ப் பார்த்தா அது கிணறு" என்றாள். டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளை றோட்டில் நின்று பார்த்து வளர்ந்தவள். அவளுக்குக் கிணற்றைக் காட்டினால் வேறென்ன சொல்லுவாள்?

எங்களில் யாழ்ப்பாணத்து இரண்டு பேருக்கும் கொஞ்சம் ரோசம் வந்ததுதான். ஆனால் அவள் சொன்னதில் பிழை இல்லை. இங்கே மலை இல்லை. கீரிமலையிலும் மலை இல்லை. ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும். காடும் பெரிதாக இல்லை. வெறும் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வருகிறவருக்கு இந்தக் குடாநாடு தட்டையான ஒரு நிலம், நடுவில் பனை, ஓரத்தில் கடல், அவ்வளவுதான்.

பிறகு ஒரு வருசம் நாங்கள் வேறு மாதிரிச் சுற்றினோம். கையில் இடங்களின் பட்டியல் இல்லை. சுவரில் தொங்குகிற நாட்கலண்டர்தான். அமாவாசை, பௌர்ணமி, விரதம், திருவிழா எல்லாம் சின்ன எழுத்தில் போட்டிருக்குமே, அது. அந்த ஒரு வருசத்தில் எங்களுக்கு விளங்கின விசயம் இதுதான்: யாழ்ப்பாணத்தில் ஒரு இடம் எல்லா நாளும் ஒரே இடம் இல்லை. அதற்கென்று ஒரு நாள் இருக்கு. அந்த நாளில் போனால்தான் அது என்ன இடம் என்று தெரியும்.

இது எங்களுக்கு மட்டும் உரிய புதினம் இல்லை. பிலிப்பைன்ஸை எடுங்கோ. ஏழாயிரத்துக்கு மேல தீவுகள், வெள்ளைமணல் கடற்கரைகள், பனாவேயில் மலையைச் செதுக்கின நெல்வயல்கள் என்று இயற்கைக்குக் குறைவில்லாத நாடு. ஆனாலும் அங்கே போகிறவர்கள் திகதியையும் பார்த்துத்தான் ரிக்கெற் எடுக்கிறார்கள். லுக்பான் என்ற ஊரில் மே 15 பாஹியாஸ் திருவிழா. அறுவடைக்கு நன்றி சொல்லி, அரிசிமாவில் இலை வடிவில் செய்த வண்ண வண்ணத் தகடுகளையும் மரக்கறிகளையும் வீட்டு முகப்பு முழுக்கத் தொங்கவிடுவார்கள். செபுவில் சினுலொக் என்றால் தை மாதத்து மூன்றாம் ஞாயிறு. மே 16 லுக்பானுக்குப் போனால் அது சாதாரண மலையடிவார ஊர். எங்கட ஊரும் அப்படித்தான், எங்கட ஆக்கள்தான் அதைச் சொல்லி வாறவையைக் கூப்பிடுறேல்லை.

மாதங்களுக்குப் போக முதல் தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். அது இல்லாமல் மிச்சம் விளங்காது. குடாநாட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கிற உவர்நீருக்கு மேலே ஒரு படையாக மிதந்து நிற்கும். நாங்கள் குடிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் அந்தப் படைதான். நிலாவரையில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. கதையில் இராமர் அம்பு விட்டு உண்டாக்கினது. நிலவியலில் கல் கரைந்து கூரை இடிந்து விழுந்த பள்ளம். ஹட்டன்காரிக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நீங்க எல்லாரும் கடலுக்கு மேல மிதக்கிற மழையைத்தான் குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஓம், அதுதான் நிலைமை. அதனால்தானோ என்னவோ, இங்கே பெரிய திருவிழா எல்லாம் கடைசியில் தீர்த்தத்தில், தண்ணியில் போய்த்தான் முடியும்.

ஆடி

ஆடி முதலாம் திகதி, அதாவது யூலை நடுப்பகுதியில், ஆடிப்பிறப்பு. சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கிற காலம். அன்றைக்கு வீட்டில் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் எழுதின ஆடிப்பிறப்புப் பாட்டு சின்ன வகுப்பில் படிச்ச எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் கூழ் குடிச்சவர்கள் வரவரக் குறைவு. வறுத்த பயறு, சின்ன உருண்டையாக உருட்டின அரிசிமா, தேங்காய்ப்பால், தேங்காய்ச்சொட்டு, பனங்கட்டி. ஒடியல் கூழ் என்றால் நண்டும் இறாலும் மீனும் போட்ட உறைப்புக் கூழ், இது அது இல்லை, இது இனிப்பு. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் அள்ளிக் குடிக்கவேணும். கோப்பையில் ஊத்தினால் அந்த வாசம் வராது. மட்டக்களப்புக்காரி முதல் வாயிலேயே, "இதென்ன கா, பாயாசம் மாதிரி" என்றாள். மூன்றாவது இலையோடு அந்தக் கதையை விட்டுவிட்டாள்.

இதைக் கடையில் தேடாதேங்கோ. ஆடிப்பிறப்புக்கு யாழ்ப்பாணத்தில் நிண்டால், நீங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கோ. வீட்டில் காய்ச்சாவிட்டாலும் பக்கத்து வீட்டில் காய்ச்சுவினம். ஒரு இலை கட்டாயம் கிடைக்கும்.

அதே மாதத்தில் அமாவாசை வரும். அன்றைக்குத்தான் கீரிமலை.

கீரிமலைக் கேணி கடலுக்கு ஒட்டி இருக்கிறது. ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் உப்புக்கடல், இந்தப்பக்கம் நிலத்துக்குக் கீழால் வருகிற நன்னீர் ஊற்று. ஆம்பிளையளுக்கு ஒரு கேணி, பொம்பிளையளுக்குத் தனிக் கேணி. கீரிமுகத்தோடு இருந்த நகுலமுனிவர் இதில் நீராடி முகம் மாறினார் என்பது கதை. குதிரைமுகம் நீங்கின சோழ இளவரசியின் கதை பக்கத்து மாவிட்டபுரத்துக்கு. சாதாரண நாளில் வந்தால் பெடியள் குதிச்சு விளையாடுவார்கள், வான்காரர் அரைமணித்தியாலம் தருவார், ஈரத் துவாயோடு அடுத்த இடம்.

ஆடி அமாவாசையில் அது வேற இடம். தகப்பன் இல்லாதவர்கள் தகப்பனை நினைத்து விரதம் இருக்கிற நாள் அது. தாய்க்குச் சித்திரா பௌர்ணமி, தகப்பனுக்கு ஆடி அமாவாசை. விடியமுதலே பஸ்ஸில், மோட்டார் சைக்கிளில், சைக்கிளில் ஆக்கள் வந்து இறங்குவார்கள். கடற்கரை முழுக்க ஐயர்மார், தர்ப்பை, எள்ளு, பிண்டம். கடலில் தோய்ந்து கேணியில் முழுகி, வீட்டுக்குப் போய்ச் சமைத்துப் படைத்துத்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் இருக்கவேணும். கைச்சல் காய். வருசத்தில் மற்ற நாட்களில் ஒருத்தரும் தேடாத அது அந்த இரண்டு மூன்று நாளும் திருநெல்வேலிச் சந்தையில் குவியலாக இருக்கும்.

எங்களில் ஒருவரின் அம்மம்மா மயிலிட்டி. 1990இல் வலிகாமம் வடக்கு முழுக்க வெளிக்கிட்டபோது அவவும் வெளிக்கிட்டவ. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் உயர்பாதுகாப்பு வலயம். மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுபட்டது 2017 யூலையில். "அவருக்குச் செய்ய கீரிமலைக்குப் போகேலாமல் எத்தினை வருசம் கிணத்தடியில செய்தனான்" என்று அம்மம்மா சொல்லுவா. நாங்கள் போன அன்றைக்கு அவவும் வந்தா. கேணியைப் பார்க்கவில்லை, நேரே கடலுக்குப் போனா. நாங்கள் கையைப் பிடிக்கப் போக, "விடுங்கோ பிள்ளையள், இது எனக்குத் தெரிஞ்ச கடல்" என்றா.

முல்லைத்தீவு நண்பனும் வந்தான். வருவான் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அவனுடைய அப்பாவை 2009 மே மாதம், வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப்பக்கம் வந்த பிறகு காணவில்லை. அப்போது அவனுக்கு ஆறு வயது. அவனுடைய அம்மா இன்றைக்கும் பொட்டு வைக்கிறா. ஆடி அமாவாசைக்கு விரதம் இல்லை, காத்தோட்டிக்காய் வாங்கினதும் இல்லை. விரதம் பிடிச்சால் அவர் இல்லை என்று தாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தெருவில் இருக்கத் தொடங்கினபோது அவவும் போய் இருந்தா. அவனுக்கு அம்மாவை மீறி எள்ளுத் தண்ணி இறைக்க மனமில்லை. இறைக்காமல் விடுகிறதும் அவனுக்குப் பாரம்.

அவன் தண்ணிக்கு இறங்கவில்லை. கடற்சுவரில் இருந்தான். ஈரவேட்டியோடு மேலே வந்த வயசுபோன ஐயா ஒருவர், "தம்பி, அப்பாக்கே?" என்று கேட்டார். "தெரியாது ஐயா" என்றான். ஐயாவுக்கு விளங்கினது. இந்தப் பக்கத்தில் அந்தப் பதிலுக்கு விளக்கம் தேவையில்லை. "சரி, இரு ராசா, நானும் கொஞ்சம் இருக்கிறன்" என்று பக்கத்தில் குந்தினார். அரைமணித்தியாலம் இருந்திருப்பார்கள். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அதே நேரம் எங்களுக்குப் பின்னால் ஒரு வான் வந்து நிண்டது. இறங்கினவர்கள் சந்தோசமான ஆக்கள், கெட்ட ஆக்கள் இல்லை. ஆனால் போனை நீட்டிக்கொண்டு பிண்டம் வைக்கிற இடத்துக்கு நேரே போனார்கள். எங்கேயோ ஒரு வீடியோவில் "கீரிமலை, அழகான கடற்கரை" என்ற தலைப்புக்குக் கீழே அவன் சுவரில் இருக்கிற காட்சி இருக்கக்கூடும். நாளைப் பார்த்து வாங்கோ என்று சொல்லுகிற எங்களுக்கு இந்தப் பொறுப்பும் இருக்கு. நாளைப் பார்த்து வருகிறவர், அது யாருடைய நாள் என்று தெரிந்துகொண்டு வரவேணும். கீரிமலைக்கு அன்றைக்கு வாங்கோ. போனைப் பைக்குள் வைத்துவிட்டு வாங்கோ.

ஆவணி

ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் நல்லூர் கொடியேறும். 25 நாள் திருவிழா. 24ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். நல்லூரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நாங்கள் நீட்டவில்லை. ஒரே ஒரு யோசனை. தேருக்கு மட்டும் வராதேங்கோ. அன்றைக்குச் சனத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். நடுவில் ஒரு சாதாரண நாள் விடியப்புறம் வாங்கோ. வெளிவீதி வெண்மணலில் ஆம்பிளையள் ஈரவேட்டியோடு பிரதட்டை பண்ணுவார்கள், பின்னால் பொம்பிளையள் அடி அழித்துக்கொண்டு போவார்கள். செருப்பை வீதித் தடையிலேயே கழட்டவேணும், உள்ளே போகிற ஆம்பிளையள் சேட்டையும். பின்னேரம் திரும்பி வந்தால் அதே வீதியில் கச்சான் கடைகள். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்கள், பழைய பள்ளிக்கூடச் சிநேகிதர், ஊரே அங்கே நிற்கும். கச்சான் வாங்காமல் வீட்டுக்குப் போனால் திருவிழாவுக்குப் போனதாகக் கணக்கில்லை.

நல்லூர் முடிகிற கையோடு ஆவணி அமாவாசைக்குத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி கொடியேறும். பக்கத்தில் கடல்நீரேரி. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிற கோயில். அன்னதானக் கந்தன் என்று பெயர். பயணிக்கு இதைவிட நல்ல செய்தி என்ன? மத்தியானம் பசியோடு போனால் மடத்தில் இலை போடுவார்கள். யார், எவடம் எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம். சாப்பிட்டவர் அடுத்த பந்திக்குப் பரிமாற நிற்கலாம். நாங்கள் நிண்டோம். சாம்பார் வாளியைத் தூக்கின ஹட்டன்காரிக்குக் கை இரண்டு நாள் உளைந்தது.

புரட்டாதி

எங்கள் ஐந்து பேருக்கும் பிடிச்ச நாள் எது என்று கேட்டால் வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தம். புரட்டாதிப் பௌர்ணமியை ஒட்டி வரும். பருத்தித்துறையில் இருந்து கொஞ்சத் தூரம். கோயிலைச் சுற்றி மணல். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவிலும் மணற்பிட்டிகள். பின்னேரம் சக்கரத்தாழ்வார் கடலுக்குப் போவார், ஆயிரக்கணக்கான சனம் பின்னால் போகும். செருப்பில்லாமல், சுடுமணலில், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, கிழவியைக் கையில் பிடித்துக்கொண்டு. கடைசி மணற்பிட்டியில் ஏறும்போது கடல் திடீரென்று முன்னால் நிற்கும். மலையில்லாத ஊரில் எங்களுக்கு அதுதான் மலை ஏறின மாதிரி.

தீர்த்தம் ஆடினதும் சனம் அப்படியே கடலுக்குள் இறங்கும். உடுப்போடுதான். வடமராட்சிக் கடல் சும்மா கடல் இல்லை, இழுவை உள்ளது, அதனால் கரையோடுதான் நிற்கவேணும். அன்றைக்கு முல்லைத்தீவு நண்பன் எங்களுக்கு முதலே இறங்கிவிட்டான். கழுத்தளவுக்குப் போய், ஊர்க்காரர் சத்தம்போட்டுத்தான் திரும்பி வந்தான். "இது யாருக்கெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை மச்சான்" என்றான். எங்களுக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் மணற்காட்டுக்குப் போனோம். சவுக்கங்காடு, அதற்கு அப்பால் மணற்பிட்டிகள், மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவில். கூரை இல்லை. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்துச் சேமக்காலையில் 2004 மார்கழிச் சுனாமியில் போனவர்களின் சிலுவைகள். படத்துக்கு நல்ல இடம் என்று எல்லோரும் சொல்லுவார்கள், உண்மைதான். ஆனால் அந்த மணல் சும்மா கிடக்கிற மணல் இல்லை. மழைத்தண்ணியைப் பிடித்து வைத்திருக்கிறதும் கடலை மறிக்கிறதும் அதுதான். வடமராட்சி கிழக்கில் களவாக மணல் ஏற்றுகிறதைப் பற்றி ஊர்ச்சனம் வருசக்கணக்காகச் சத்தம் போடுகிறது. நீங்கள் பார்க்க வருகிற மணற்பிட்டி அடுத்த முறை வரும்போது குறைஞ்சிருந்தால் அது காற்றால் மட்டும் வந்த குறைவாக இராது. சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே இருக்கிற தண்ணிக்கும் இதே கதை. தோட்டத்துப் பசளையால் கிணறுகளில் நைத்திரேற்று ஏறினது ஒரு பக்கம், சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து 2014-15இல் பெரிய பிரச்சினையானது இன்னொரு பக்கம். யாழ்ப்பாணத்து இயற்கை என்று நாங்கள் காட்டுகிறதெல்லாம் இவ்வளவு மெல்லியது.

தை

மாரி முடிகிற நேரம் வாடைக்காற்று பலமாக அடிக்கும். அந்தக் காற்றை வீணாக்காத ஊர் வல்வெட்டித்துறை. தைப்பொங்கல் அன்று பின்னேரம் உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி. கொக்கு, பிராந்து, எட்டுமூலை எல்லாம் பழைய பட்டங்கள். இப்போது கப்பல், விமானம், தேர், பாம்பு, அந்த வருசத்துச் செய்தியில் அடிபட்ட என்னவும் மேலே போகும். ஒரு பட்டத்தை நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். நைலோன் கயிற்றைப் பிடிக்க ஒரு கூட்டம். காற்று எடுக்கும்வரைக்கும் "விடு, விடு, பொறு" என்று ஒரே கத்தல். மேலே போனதும் கடற்கரை முழுக்கக் கைதட்டு. 2021 மார்கழியில் பட்டக்கயிற்றோடு தானும் மேலே போன வடமராட்சிப் பெடியனின் வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவன் தப்பிவிட்டான். அந்தக் காற்று எவ்வளவு பலம் என்று அதில் விளங்கும்.

போட்டியைவிட எங்களுக்குப் பிடிச்சது அதற்கு முந்தின கிழமைகள். ஒவ்வொரு ஒழுங்கையிலும் மூங்கில் சீவல், ரிசு பேப்பர், பசை. இரவில் விண் பூட்டின பட்டங்களை ஏற்றி மரத்தில் கட்டிவிட்டுப் படுத்துவிடுவார்கள். விடியும்வரை ஊருக்கு மேலே ஊங்கென்று ஒரு சத்தம். மட்டக்களப்புக்காரி முதல் இரவு நித்திரை கொள்ளவில்லை. இரண்டாம் நாள் காற்று விழுந்து சத்தம் நிண்டபோதுதான் திடுக்கிட்டு எழும்பினாள்.

மாசி

நாள் என்றால் திருவிழாதான் என்று இல்லை. பருவமும் நாள்தான். நெடுந்தீவுக்கு நாங்கள் சொல்லுகிற காலம் மாசி. மாரிக்கடல் அடங்கி, மழையில் முளைச்ச புல் இன்னும் காயாமல் இருக்கிற நேரம். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ். அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில். தீவில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம், சாந்து பூசாமல் அடுக்கின பவளக்கல் வேலிகள். தெற்குப் பக்கத்து வெளியில் மட்டக்குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரைகளின் வழி என்று சொல்லுவார்கள். மாசியில் அவை கொழுத்து நிற்கும். கோடை வரட்சியில் வந்தால் தண்ணியில்லாமல் எலும்பு தெரிய நிற்கிறதைப் பார்ப்பீர்கள். சில வருசம் செத்தும் போயிருக்கின்றன.

அந்தக் கடலைச் சும்மா கடந்துவிட முடியாது. 1985 மே 15, நெடுந்தீவில் இருந்து வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துச் சனத்தை வெட்டிக் கொன்றார்கள், சின்னப் பிள்ளைகளும் அதில். ஒவ்வொரு மே மாதமும் மாவிலித்துறையில் விளக்கேற்றுகிறார்கள். படகில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கோழிக்குஞ்சுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "குதிரை பாக்கவே போறியள்? முதல் தண்ணிப்போத்தல் இருக்கோ?" என்று கேட்டா. இருந்தது. அந்தத் தீவில் தண்ணி வாங்கிக் குடிக்கிறது கிணற்றுக்காரரின் பங்கைக் குடிக்கிற மாதிரி. கொண்டு போங்கோ, வெறும் போத்தலைத் திருப்பியும் கொண்டு வாங்கோ.

வாறவைக்குச் சில வார்த்தை

ஒரு நாளில் பத்து இடம் வேண்டாம். ஒரு மாதத்தைத் தெரிவு செய்து, அதில் மூன்று நாள் நில்லுங்கோ. விடுதியைவிட வீடு நல்லது. தனியார் வானைவிடப் பஸ் நல்லது, பஸ்ஸில்தான் எந்தக் கோயிலில் என்ன நடக்குது என்று காதில் விழும். தூக்குக்காவடி போகும்போது முகத்துக்கு நேரே போனை நீட்டாதேங்கோ, அவர் நேர்த்திக்கடன் செலுத்துகிறார், உங்களுக்கு ஆட்டம் காட்டவில்லை. சாப்பாடு தந்தால் வாங்குங்கோ. காசு கொடுக்கப் போகாதேங்கோ, பரிமாற நில்லுங்கோ. தண்ணியை அளவாகப் பாவியுங்கோ. காத்தோட்டிக்காய் தந்தால் முகத்தைச் சுளிக்காமல் ஒரு துண்டாவது சாப்பிடுங்கோ.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டு நாங்கள் இங்கேயே இருக்கிறதில் நியாயம் இல்லை. வருகிற மாசியில் ஹட்டனில் காமன் கூத்து. தோட்டத்து லயங்களுக்கு முன்னால் இரவிரவாக நடக்கும். வைகாசியில் மட்டக்களப்பில் கண்ணகி குளிர்த்தி. இரண்டுக்கும் போகிறோம், கலண்டரில் வட்டம் போட்டாச்சு. அங்கே என்ன செய்யக்கூடாது என்று ஹட்டன்காரி இப்பவே ஒரு நீண்ட பட்டியல் அனுப்பியிருக்கிறாள். முதலாவது, "கூத்து நடக்கிறப்ப ஃபோனை எடுக்கக்கூடாது." இரண்டாவது, "நீர்வீழ்ச்சியைப் பார்த்திட்டு, இதுதானான்னு கேக்கக்கூடாது." கம்பளி கொண்டு வரச்சொல்லியிருக்கிறாள். யாழ்ப்பாணத்து இரண்டு பேரிடமும் கம்பளி இல்லை. முல்லைத்தீவு நண்பனின் அம்மா இரண்டு போர்வை தாறன் எண்டு சொல்லியிருக்கிறா.